கரடு வைத்த அரப்பு

நான் போர் வண்டிக்காரன் சார், ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டிக்கு மேனேஜர். திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவனுக்கு ரிக் வண்டி ஏறுவது பெரிய விஷயமில்லை, எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தன் வண்டியில்தான் இருப்பான். கர்நாடகம், ஆந்திரா, ராஜஸ்தான் என்று போகாத இடமில்லை. சுடுகாட்டுக்குப் பக்கத்தில் போர் போட்டிருக்கிறேன், இடிந்த கோயிலுக்குள் போட்டிருக்கிறேன், தூக்கு மாட்டிக்கொண்டவன் வீட்டு வாசலில் காரியம் முடிவதற்குள் போட்டிருக்கிறேன். பேய், பிசாசு என்று ஒன்று இருந்தால் ஆயிரம் அடி துளைத்து இறங்குகிற எங்கள் பிட்டில் ஒரு தடவையாவது மாட்டியிருக்க வேண்டாமா? இப்படித்தான் எல்லோரையும் கேலி பேசிக்கொண்டு திரிந்தேன். வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுவதே முதலாளி திட்டுவார் என்பதற்காகத்தான்.

நீங்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் நடத்துகிறவர், பக்கத்து வீட்டுக்காரன் உளறுகிறான் என்றுதான் நினைப்பீர்கள். சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. நானாக இருந்தால் உங்களைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ராத்திரியில் நடந்ததில்லை. புளியமரம், வெள்ளைச் சேலை, மல்லிகைப்பூ வாசம் ஒன்றும் கிடையாது. பட்டப்பகல், மண்டை பிளக்கிற வெயில், சுற்றிலும் ஆட்கள்.

ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு கரடு. ஊர்ப் பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகிற ஆளுடைய மகன்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், எதற்கு வம்பு. மலையென்றும் சொல்ல முடியாமல் மேடென்றும் சொல்ல முடியாமல் பாறையும் முள்ளுமாகக் கிடக்குமே, அந்த மாதிரிக் கரடு. மேல்பக்கம் வனத்துறைக்குச் சொந்தம், அடிவாரம் பட்டா நிலம். ஆனால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, மேலே இருக்கிற காடு அப்படியே இறங்கி வந்து அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கும். முழுக்க உசிலை மரம். எங்கள் பக்கம் அரப்பு மரம் என்போம், அந்த இலையைக் காயவைத்து இடித்தால்தான் அரப்பு, தலைக்குத் தேய்த்துக் குளிக்கிறோமே, அது.

அந்த அடிவாரத்துக்குத்தான் சண்டை. ஒரு பக்கம் குப்புசாமி, வசதியான தோட்டக்காரர். இன்னொரு பக்கம் அவருடைய செத்துப்போன தம்பியின் மனைவி பாவாயி. பாகம் பிரிக்கும்போது கிணறு இருக்கிற வயலெல்லாம் அண்ணனுக்கு, கரட்டடி தம்பிக்கு என்று வாய்ப்பேச்சாகப் பேசி முடித்திருக்கிறார்கள். அண்ணன் தம்பிக்குள் எதற்குப் பத்திரம் என்று கேட்டதே குப்புசாமிதானாம். தம்பி போய்ச் சேர்ந்ததும், பட்டா என் பேரில் இருக்கிறது, நீ கிளம்பு என்றுவிட்டார். அவருக்கு அங்கே கோழிப்பண்ணை போட வேண்டும். பாவாயி கிளம்பவில்லை. கரட்டடியில் ஒரு ஓட்டு வீடு, நாலு ஆடு, பிள்ளை குட்டி கிடையாது. அரப்பு இலையை உருவிக் காயவைத்து இடித்துச் சலித்துச் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்குப் போடுவாள். அந்த மரங்கள்தான் அவளுக்குச் சோறு.

மரத்தை வெட்டினால் ஊர் கேள்வி கேட்கும், அதிகாரிகளும் வந்து நிற்பார்கள். அதனால் குப்புசாமி வெட்டவில்லை. ஆள் வைத்து ஒவ்வொரு மரத்தின் அடியிலும் துளை போட்டுப் பெருங்காயத்தைத் திணித்து, மேலே களிமண்ணைப் பூசிவிட்டார். பங்காளிச் சண்டையில் அடுத்தவன் தென்னையைக் கொல்ல எங்கள் பக்கம் செய்கிற வேலைதான். மரம் விழாது, சத்தம் போடாது, உச்சியிலிருந்து அடி வரைக்கும் நின்ற வாக்கிலேயே காயும். பாவாயிக்கு விஷயம் தெரிந்தபோது பாதி மரம் போய்விட்டது. அவள் மரம் மரமாக ஓடிக் களிமண்ணைப் பிடுங்கி, கரண்டிக் காம்பால் உள்ளே இருப்பதைத் தோண்டித் தோண்டி எடுத்து, துளையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, சாணி வைத்து மூடினாளாம். இதை எனக்குச் சொன்னதே குப்புசாமிதான்.

“மரத்துக்குப் பத்துப் போட்டுக்கிட்டுத் திரியறா கண்ணு, லூசு!” என்று சொல்லித் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

நான் வண்டியோடு போய் இறங்கியபோது காட்டில் பச்சை என்பதே இல்லை. எல்லா மரமும் நின்றுகொண்டிருந்தன, எல்லாம் செத்திருந்தன. காற்றடித்தால் பெருங்காய வாசம் வந்தது. எனக்கு ரசம் ஞாபகம் வந்து பசித்தது, உண்மையைச் சொல்வதற்கு என்ன.

பாயிண்ட் பார்க்கிறவர் முன்னாலேயே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடப்பாரே, தண்ணீர் இருக்கிற இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும் என்பார்களே, அந்த வேலை. தேங்காய் எழுந்து நின்றது இருப்பதிலேயே பெரிய உசிலை மரத்தின் காலடியில். செத்த மரம்தானே என்று ஜேசிபியை விட்டு வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அந்தக் குழியை மூடி மட்டம் பண்ணின இடத்தில்தான் வண்டி ஏற வேண்டும். அந்த இடத்தில் பாவாயி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங்கண்ணா, வில்லங்கமில்லாத எடமுன்னுதானுங்க போன்ல சொன்னீங்க?” என்றேன்.

“வில்லங்கமெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. கொஞ்சம் பொறு.”

அவள் என்னைப் பார்த்துக் கை கூப்பினாள். “ஏஞ்சாமி, இது எம்பட ஊட்டுக்காரரு பாகம். பொய்யின்னா ஊருக்குள்ள யார வேணா கேட்டுப்பாரு. நீ வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிரு சாமி, உனக்குப் புண்ணியமாப் போவும்.”

“அக்கா, எனக்கென்னங்க தெரியும். நான் போர் போட வந்தவன். உங்க சண்டைய நீங்க பேசித் தீத்துக்கங்க.”

வேறு என்ன சொல்வது? வண்டி வந்து நின்றால் வேலை நடக்க வேண்டும். தம்பி பெண்டாட்டியை அண்ணன்காரன் தொடக் கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு, அதனால் குப்புசாமி அவள்மேல் கை வைக்கவில்லை. அதற்குப் பதிலாக எங்கள் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டை நோக்கி நடந்தார். கேட்கக்கூட இல்லை. வீட்டு வாசலில் மூட்டை மூட்டையாக அரப்பு அடுக்கியிருந்தது, மரங்கள் காய்வதற்கு முன்னால் அவள் கடைசியாக உருவினது. இனி வருமானம் என்று இருந்தால் அதுதான். கேனைச் சாய்த்து மூட்டைகள்மேல் நிதானமாக ஊற்றினார், தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிற மாதிரி. தீப்பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“அங்கியே உக்காந்திருக்கியா அம்மிணி, இல்ல வாரியா?”

அவள் எழுந்து ஓடினாள். அவள் பாதி தூரம் போவதற்குள் அவர் பற்றவைத்துவிட்டார். இந்தப் பக்கம் கையைக் காட்டி வண்டியை ஏற்றச் சொன்னார். ஏற்றினேன்.

பாவாயி கத்தவில்லை, சபிக்கவில்லை, மண்ணை வாரி இறைக்கவில்லை. எரிகிற மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு லேசாகியிருக்கும்.

சூடம் காட்டித் தேங்காய் உடைத்து ஆரம்பித்தோம். மேலே இருந்த செம்மண் போனதும் பாறை, வழக்கமான சாம்பல் நிறக் கல்மாவுதான் புகைபோலக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஐந்நூறு அடி தாண்டியும் ஒரு சொட்டு ஈரமில்லை. குப்புசாமி கட்டிலைப் போட்டு உட்கார்ந்து எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார், சும்மா சொல்லக் கூடாது, உபசரிப்பில் குறைவைக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்து ராடு மாட்டினோம். கொஞ்ச நேரத்தில் டிரில்லர் மாதேஸ் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டான். அவன் பதினாலு வருஷமாக வண்டியில் இருக்கிறவன், தூசிக்குப் பயந்து தலையிலும் முகத்திலும் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டுதான் நிற்பான், கண் மட்டும்தான் தெரியும்.

“சத்தம் மாறுதுங்க மேனேஜரே. கல்லு இல்லீங்க இது. மரத்த அறுக்கற மாதிரி இருக்குது.”

போடா என்றேன். அறுநூறு அடிக்குக் கீழே பாறைக்குள் யார் மரம் நட்டது? ஆனால் சத்தம் அவன் சொன்ன மாதிரித்தான் இருந்தது, ஈர மரத்தில் வாள் போகிற சத்தம். அப்புறம் குழியிலிருந்து மாவு பச்சையாக வர ஆரம்பித்தது.

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பச்சை என்றால் பாறைப் பச்சை இல்லை சார். நான் பச்சைக் கல்லும் பார்த்திருக்கிறேன், சிவப்புக் கல்லும் பார்த்திருக்கிறேன், எல்லாம் விரலில் வைத்துத் தேய்த்தால் நறநறக்கும். இது நறநறக்கவில்லை. சலித்த மாவு. மூக்குக்கிட்டே கொண்டுபோனேன், சனிக்கிழமை குளியலறை வாசம். அரப்பு. மாதேஸ் கம்ப்ரசரை நிறுத்தப் போனான்.

“எவன்டா நிறுத்தறது!” என்று குப்புசாமி கட்டிலிலிருந்து குதித்தார். “பச்சைக் கல்லுடா அது, கிரானைட்டு! கோழியெல்லாம் எதுக்கு, கல்லு வெட்டியே சம்பாரிக்கலாம். ஓட்டு, ஓட்டு!”

ஓட்டினோம். அந்தக் காடு முழுக்கப் பச்சைப் புழுதி கிளம்பிக் காய்ந்த மரங்கள்மேல் படிந்தது, தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் துளிர்த்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அடித்துவிட்டது. சாதாரணத் தண்ணீரா, பனை உயரத்துக்கு!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் விழுகிற நேரத்தில் தலையில் எதையும் வைத்திருக்கக் கூடாது, கங்கைக்கு மரியாதை என்று என்னைப் பழக்கின முதல் முதலாளி சொல்லுவார். எந்தச் சாமியையும் மதிக்காத நான் அந்த ஒரு பழக்கத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன், காற்றில் இருந்த பச்சை மாவு தலையில் படிந்தது. இடத்துக்காரர் முதல் தண்ணீரில் நனைவதும் எங்கள் பக்கம் வழக்கம், கடன்காரனைக்கூடக் கட்டிப்பிடிப்பார்கள் அந்த நேரத்தில். குப்புசாமி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய் நின்றார், போகிற போக்கில் என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஏற்கெனவே அந்த மாவு அப்பியிருந்தது. தண்ணீர் பட்டதும் நுரைத்தது. காது, கண், வாய் எல்லாம் பச்சை நுரை. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தேய்த்துத் தேய்த்துக் குதித்தார், சின்னப் பையன் மாதிரி சிரித்தார். மாதேஸ் துண்டை அவிழ்க்கவே இல்லை, கேபினுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், பாவாயி வந்து நிற்கிறாள். கையில் எண்ணெய்க் கிண்ணம். குப்புசாமிக்குத் தெரியவில்லை, கண்ணில் நுரை. யாரோ முதுகு தேய்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, “வா, வா” என்று தலையைக் குனிந்து வேறு கொடுத்தார். அவள் கையைக் கிண்ணத்தில் தொட்டாள், மணிக்கட்டைத் திருப்பினாள், புறங்கையால் அவர் உச்சந்தலையில் எண்ணெயை வைத்தாள்.

சார், எங்கள் பக்கம் புறங்கையால் எண்ணெய் வைப்பது ஒரே ஒரு இடத்தில்தான். செத்தவரைக் குளிப்பாட்டும்போது ஒறம்பரைக்காரர்கள், அதாவது சொந்தக்காரர்கள், வரிசையாக வந்து அரப்பும் எண்ணெயும் தலையில் தொட்டு வைப்பார்கள், உயிரோடு இருப்பவருக்கு உள்ளங்கை, போனவருக்குப் புறங்கை. அவர் உயிரோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்து அவளைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தொடக் கூடாத முறையெல்லாம் அப்போது எங்கே போனதோ, வயிற்றில் ஓங்கி உதைத்தார். அவள் நுரைச் சேற்றில் போய் விழுந்தாள். மறுபடியும் உதைக்கப் போனவரை நானும் கம்ப்ரசர் பையன்களும் பிடித்துக்கொண்டோம். அவள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். கிண்ணத்தைக் கவிழாமல் பிடித்திருந்தாள்.

“அரப்பு கரடு வெச்சுது. எண்ணெ நான் வெச்சேன்,” என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. “ஒறம்பரைன்னா அதுதானுங்களே மொற.”

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். என் தலையைப் பார்த்தாள். நான் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. “அக்கா, நான் கூலிக்கு வந்தவனுங்க,” என்றேன். அவள் யோசித்தாள். கிண்ணத்தில் இருந்த மிச்ச எண்ணெயை மண்ணில் ஊற்றினாள்.

“நீ எனக்கு ஒறம்பரை இல்லியே சாமி. உனக்கு வெக்க உம்பட ஊட்ல ஆளு இருக்குது.”

அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்தேன், பச்சை போய்விட்டது. மறுநாள் வெறும் தண்ணீர் ஊற்றினேன். நுரைத்தது. அதற்கு மறுநாளும். எதுவும் தேய்க்காமல், வெறும் தண்ணீருக்கு, அரப்பு வாசத்தோடு. மொட்டை அடித்துக்கொண்டேன், மொட்டைத் தலையும் நுரைத்தது. டவுனில், ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன், அவர் நுரையைக் கண்ணால் பார்த்துவிட்டு ஷாம்புவை நன்றாக அலசுங்கள் என்று சொல்லி இன்னொரு ஷாம்பு எழுதிக் கொடுத்தார். ஜேடர்பாளையத்தில் காவிரியில் போய் முங்கினேன். நான் முங்கின இடத்திலிருந்து நுரை திட்டுத் திட்டாக மிதந்து போக, கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று என்னைப் பார்த்தார்கள்.

குப்புசாமி எனக்குப் போன் பண்ணினார். குரல் கட்டையாக இருந்தது. “கண்ணு, தலைக்கு ஊத்துனா நொரை நிக்க மாட்டேங்குது. உனக்கு எப்படி?” என்றார்.

“எனக்கு ஒண்ணுமில்லீங்களே,” என்றேன். அவரோடு எந்தக் கணக்கிலும் ஒன்றாகச் சேர எனக்கு விருப்பமில்லை.

“காலைல எந்திரிச்சா மெத்தைல கால்மாட்டுல மண்ணு கெடக்குது கண்ணு. செம்மண்ணு. எம்பட சம்சாரம் தெனமும் கூட்டிக் கொட்டறா. நான் எங்கியும் போவுலியே.”

அடுத்த அமாவாசை அன்று காலையில் ஆடு மேய்க்கிறவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் கொன்ற மரங்களுக்கு நடுவில், எதிலும் சாயாமல், நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டும் திரும்பவில்லை. கிட்டப் போய்த் தொட்டபோது காய்ந்திருந்தார். முடியெல்லாம் உதிர்ந்து, உச்சியிலிருந்து தோல் வெடித்து, வாயில் பெருங்காய வாசம். கணுக்கால் வரைக்கும் தரைக்குள் இருந்தது, அவர் நின்ற இடமோ முழுப் பாறை, நான் ஓட்டை போட்டவன் எனக்குத் தெரியாதா. கடப்பாரை போட்டு இடித்துத்தான் எடுத்தார்கள். இரண்டு கால்விரல் வரவில்லை, அங்கேயே விட்டுவிட்டார்கள். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார்கள். நின்ற வாக்கில் மாரடைப்பு, நீங்களே சொல்லுங்கள்.

சாவுக்கு நான் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள், பெண்கள் அரப்புத் தட்டும் எண்ணெயுமாக வரிசையில் நின்றார்கள். முதல் குடம் தண்ணீரை ஊற்றியதும் நுரைத்தது. யாரும் இன்னும் எதையும் வைக்கவில்லை. நுரை பெஞ்சிலிருந்து வழிந்து வாசலெல்லாம் ஓடியது, வரிசையில் நின்றவர்கள் காலைத் தூக்கித் தூக்கி நகர்ந்தார்கள். பயத்தில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். நான் என் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மகன்கள் பாவாயியின் வீட்டைக் கொளுத்தி அவளை ஊரைவிட்டே துரத்திவிட்டார்கள். அவளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, அந்தப் போர்த் தண்ணீரை எந்த ஆடு மாடும் குடிக்கவில்லை, நிலத்தை வாங்க ஒருத்தனும் வரவில்லை. போர் வாயைக் கல் வைத்து மூடிவிட்டார்கள். காய்ந்த மரங்களில் இப்போது அந்தப் பெருங்காயத் துளைகளுக்குள்ளிருந்து தளிர் வந்திருக்கிறதாம், மாதேஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். இலை உருவத்தான் ஆளில்லை.

பாவாயியைத் தேடிப் பிடித்தேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகைக் கடை வாசலில், ஆட்டோவுக்கும் மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து, யாரோ இடித்த அரப்பைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். காலில் விழுந்தேன் சார். கடைத்தெருவில், எல்லோரும் பார்க்க.

“எனக்கு எடுக்கத் தெரியாது சாமி,” என்றாள். பொட்டலம் மடிக்கிறதை நிறுத்தவில்லை. “நான் வெச்சதும் இல்ல அது. எண்ணெ வெக்காமப் பாத்துக்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

பார்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து என் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை. சலூனில்கூட முடி வெட்டுகிறவன் எண்ணெய்ப் பாட்டிலைத் தொட்டால் எழுந்து வந்துவிடுவேன். தீபாவளிக்கு வேண்டுமென்றே வெளிமாநில வேலை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். என் மனைவியிடம் அலர்ஜி என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் ஒன்று அவள் சிரிப்பாள், இல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், இரண்டும் எனக்கு வேண்டாம்.

இந்தத் தீபாவளிக்கு ஆந்திராவில் மழை. வண்டி சேற்றில் நின்றுவிட்டது, முதலாளி எல்லோரையும் ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார். வந்தேன். விடிவதற்கு முன்னாலேயே எழுந்து வெறும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நுரை அடங்குகிற வரைக்கும் நின்று, துவட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

“ஊரு ஒலகத்துல இல்லாத அதிசயமுங்க இது, நல்ல நாளும் அதுவுமா எண்ணெ வெக்காத மனுசன்,” என்று என் மனைவி சமையலறையில் புலம்பினாள். நான் காதில் வாங்காமல் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு ஹால் சோபாவில் படுத்தேன். வந்த அலுப்பு, அப்படியே தூங்கிப்போனேன்.

உச்சந்தலை குளிர்ந்தது. கண்ணைத் திறந்தேன். என் மகள் தர்ஷினி நிற்கிறாள், புதுப் பாவாடை, பக்கத்து ஸ்டூலில் எண்ணெய்க் கிண்ணம்.

“எந்திரிக்காதீங்கப்பா! தீபாவளிக்கு எண்ணெ வெக்காட்டி சாமி கோவிச்சுக்குமாமா. அம்மா சொல்லுச்சு. அதான் நானே வெச்சுட்டேன்.”

இருக்கட்டும், குழந்தை, உள்ளங்கையால்தானே வைத்திருப்பாள் என்று ஒரு நினைப்பு. “எப்படி சாமி வெச்ச?” என்று கேட்டேன்.

“இப்படி,” என்று கையைத் திருப்பிக் காட்டினாள். புறங்கையில் எண்ணெய் பளபளத்தது. “உள்ளங்கை பூரா மருதாணிங்கப்பா. அம்மா கோன்ல வெச்சு உட்டுச்சு. இன்னும் காயவே இல்ல, தொட்டா அழிஞ்சிரும். அதான் பின்னாங்கையில வெச்சேன்.”

இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது, நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் புள்ளி. “நல்லா வெச்ச சாமி,” என்றேன். அவளைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

தீபாவளியோடு வந்த அமாவாசை தாண்டிவிட்டது, அடுத்த அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒன்றும் ஆகாமலும் போகலாம், நீங்கள் சொல்வதுபோல எல்லாம் மனப்பிரமையாக இருக்கலாம், அப்படி இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் யாருமில்லை. ஆனால் இன்றைக்குக் காலையில் என் மனைவி போர்வையை உதறிவிட்டு, காலைக் கழுவாமல் படுத்தீங்களா என்று திட்டினாள். கால்மாட்டில் செம்மண். நாங்கள் மாடியில் படுக்கிறோம் சார், கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. நம் தெருவில் செம்மண் எங்கே இருக்கிறது?

நம்ப வேண்டாம். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். எனக்கு ஏதாவது ஆனால் முதலில் ஓடி வருகிற ஆள் நீங்கள்தான். குளிப்பாட்டுகிற நேரத்தில் தர்ஷினியை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போய் டிவியைப் போட்டுவிடுங்கள், அந்த நுரை அவள் கண்ணில் படக் கூடாது. நான் சொன்ன எதையும் அவளிடம் எந்தக் காலத்திலும் சொல்லிவிடாதீர்கள். இந்த வருஷம் எங்கள் அப்பாவுக்கு எண்ணெய் வைத்தது நான்தான் என்று அவள் வகுப்பில் ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.